ஆட்டோகேட் மோட்டார் பாதியில் நிற்கிறது: பழுது பார்ப்பதா, புதுசு போடுவதா?

கேள்வி: சிராங்கூன் கார்டனில் தரைவீடு. இரட்டைக் கதவு ஆட்டோகேட், ஸ்விங் ஆர்ம் மோட்டார், போட்டு 9 ஆண்டு ஆகிறது. ஒரு மாதமாக வலது கதவு பாதியில் நின்றுவிடுகிறது. பார்க்க வந்தவர் பத்து நிமிடத்தில், "பழசாயிடுச்சு, முழு செட்டையும் மாத்திடுங்க" என்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்:

வந்தவர் மோட்டாரைக் கதவிலிருந்து விடுவித்து, கதவைக் கையால் தள்ளிப் பார்த்தாரா? பார்க்கவில்லை என்றால் அவர் சொன்னதை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். பாதியில் நிற்கிற கேட்டில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இரும்புக் கதவை. மோட்டார் அப்புறம்தான்.

ஆர்ம் மோட்டார் என்பது கை போல நீண்டு கதவைத் தள்ளி இழுப்பது. பெரும்பாலும் அதில் கரன்ட் போனால் கையால் திறக்க ஒரு ரிலீஸ் சாவி உண்டு. மெயின் சுவிட்சை அணைத்து, சாவியைத் திருப்பி, இரண்டு கதவையும் ஒரு கையால் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். நல்ல கதவு முழுத் தூரமும் ஒரே சீராகப் போகும். நடுவில் விட்டால் விட்ட இடத்திலேயே நிற்கும். தானாக ஓடினால் தூண் சாய்ந்திருக்கிறது அல்லது கீல் தொய்ந்திருக்கிறது. தள்ளும்போது ஓரிடத்தில் மட்டும் கனத்தால், அங்கேதான் மோட்டாரும் திணறுகிறது. தரை டைல்ஸைக் குனிந்து பாருங்கள். கதவின் கீழ் விளிம்பு உரசினால் வில் வடிவத்தில் ஒரு கீறல் தெரியும், சில சமயம் துருக்கறையோடு. மேல் கீல் சில மில்லிமீட்டர் தேய்ந்தாலே போதும், மூன்று மீட்டர் அகலக் கதவின் மறு முனை பல மில்லிமீட்டர் இறங்கிவிடும்.

இந்த நிலையில் புது மோட்டார் போட்டால் அதுவும் ஓரிரு ஆண்டில் இதே இடத்தில் நிற்கும். கீலை மாற்றுவதும் தூண் தகட்டில் மறுபடி வெல்டிங் வைப்பதும் இரும்பு வேலை செய்பவருக்கு ஒரு நாள் வேலை. அதைச் செய்யாமல், மோட்டாரை இயக்கும் கட்டுப்பாட்டுப் போர்டில் தள்ளும் விசையை அமைக்கிற திருகைக் கூட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். குறுக்கே நிற்கும் குழந்தை மேல் கதவு பட்டால் கேட் நின்று திரும்புவது அந்தத் திருகு சரியான அளவில் இருப்பதால்தான்.

கதவு இரண்டும் லேசாக ஓடுகிறதென்றால் மின்சாரப் பக்கம் வாருங்கள். மோட்டார் லேபிளில் 230 வோல்ட் ஏசி என்றிருக்கிறதா, 24 வோல்ட் டிசி என்றிருக்கிறதா என்பதைப் பொறுத்து வழி பிரிகிறது.

ஏசி மோட்டாரில் வழக்கமாகக் கெடுவது கெப்பாசிட்டர். வெள்ளை அல்லது கறுப்பு பிளாஸ்டிக் டப்பா போல, கட்டை விரலைவிடச் சற்றுத் தடிப்பாக இருக்கும். போர்டுப் பெட்டியிலோ மோட்டாருக்குள்ளோ கிடக்கும். அது வலுவிழந்தால் மோட்டார் "ம்ம்ம்" என்று முனகும், கதவு நகராது. கையால் லேசாகத் தள்ளிக் கொடுத்தால் ஓட ஆரம்பிக்கும். உடம்பில் அச்சிட்ட மைக்ரோஃபாரட் அளவை மல்டிமீட்டரில் சரிபாருங்கள். 10 என்று போட்டிருந்து 7 காட்டினால் அது முடிந்துபோன கதை. அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அல்லது கூடுதல் வோல்ட் உள்ளதாக வாங்குங்கள். தேக்காவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள சிம் லிம் டவரில் மோட்டார் கெப்பாசிட்டர் கேட்டுப் பாருங்கள். கரன்டை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்னேற்றம் தங்கும், அதை இறக்காமல் முனையைத் தொடக் கூடாது. பழக்கமில்லாதவர் இந்த வேலையைத் தெரிந்தவரிடம் விடுவது நல்லது.

காலையில் நன்றாக ஓடி, நாலைந்து தடவை திறந்து மூடியபின் நின்று, அரை மணி நேரம் கழித்து மறுபடி ஓடினால், மோட்டாருக்குள் இருக்கும் வெப்பப் பாதுகாப்பு துண்டித்துச் சேர்கிறது என்று பொருள். அது நோயல்ல, அறிகுறி. கதவின் கனமோ, நலிந்த கெப்பாசிட்டரோ, மோட்டாருக்குள் இருக்கும் மின்கம்பிச் சுருளின் பழுதோ பின்னால் இருக்கும்.

டிசி மோட்டார் என்றால் பேட்டரியைப் பாருங்கள். பெரும்பாலும் 12 வோல்ட் பேட்டரி இரண்டு தொடராக இருக்கும். வெயிலில் காயும் பெட்டிக்குள் இரண்டு மூன்று ஆண்டுக்கு மேல் அது தாக்குப்பிடிப்பது அரிது. 9 ஆண்டில் யாரும் மாற்றவே இல்லை என்றால் சந்தேகத்துக்கே இடமில்லை. பல மாடல்களில் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு மெயின் கரன்டில் மட்டும் ஓட்டிப் பார்க்கலாம். கேட் சரியாக ஓடினால் குற்றவாளி பேட்டரி. மாற்றும்போது இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் புதியதும் சீக்கிரம் படுத்துவிடும்.

திறக்கும்போது சிக்கலில்லை, மூடும்போது மட்டும் நிற்கிறது அல்லது திரும்பிவிடுகிறது என்றால், குறுக்கே ஏதாவது இருப்பதை உணரும் சென்சாரைத் துடையுங்கள். சிலந்தி வலை, எறும்புப் புற்று, சாய்ந்துபோன கண் என்று காரணம் அற்பமாகவே இருக்கும். சென்சாரையே துண்டித்து வயரை நேராக இணைத்துவிடுவது தீர்வல்ல.

போர்டு நம் ஊரில் இரண்டு வழியில் சாகிறது. ஒன்று, இடி மின்னல். மின்னலால் போன போர்டில் வேரிஸ்டர் என்னும் வட்டச் சில்லு கருகியோ வெடித்தோ இருக்கும், ஃபியூசும் போயிருக்கும். அந்த இரண்டோடு நின்றிருந்தால் எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர் சரிசெய்துவிடுவார். மற்றொன்று, வயர் நுழையும் ஓட்டை வழியாக உள்ளே போகும் பல்லியும் எறும்பும். ரிலே முனைகளுக்கிடையே பல்லி விழுந்து கருகிய போர்டைத் திறந்தவுடன் வாடையே சொல்லிவிடும். புதுப் போர்டு போட்டாலும் அந்த ஓட்டையைச் சிலிக்கோனால் அடைக்காவிட்டால் பயனில்லை.

போர்டு போனால் மோட்டாரையும் மாற்ற வேண்டும் என்பதில்லை. ஏசி மோட்டாருக்குப் பொது, திற, மூடு என்று முக்கியமாக மூன்று வயர், அதோடு எர்த். வேறு நிறுவனத்தின் பொதுப் போர்டே போதும். டிசியில், மோட்டார் எவ்வளவு சுழன்றது என்று போர்டுக்குச் சொல்லும் என்கோடர் வயர் இருந்தால் அதே நிறுவனத்தின் போர்டுதான் வேண்டும். அது இப்போது கிடைக்காது என்றால், மோட்டார் நன்றாக இருந்தும் மாற்ற வேண்டிய கட்டம் அதுதான். ரிமோட் மட்டும் வேலை செய்யவில்லை, சுவரில் உள்ள பட்டனுக்குக் கேட் திறக்கிறது என்றால் ஒரு வெளி ரிசீவரைச் சேர்த்து, புது ரிமோட் பதிந்தால் முடிந்தது. அதற்காகப் போர்டையே மாற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மோட்டார் சுழலும் சத்தம் கேட்கிறது, ஆர்ம் நகரவில்லை என்றால் உள்ளே பல்சக்கரமோ, திருகுத் தண்டில் ஓடும் பித்தளை நட்டோ தேய்ந்திருக்கிறது. கிரீஸில் மினுமினுக்கும் பித்தளைத் தூளே சாட்சி. நட்டு தனியாகக் கிடைத்தால் மாற்றுங்கள். கிடைக்காவிட்டால் மோட்டார்தான். தரைக்கு அடியில் பெட்டிக்குள் புதைத்த மோட்டாரில் கதை வேறு: வடிகால் ஓட்டை அடைத்து, பெட்டியில் மழைநீர் நின்று, ஆயில் சீல் வழியாக உள்ளே போகும். திறந்தால் கிரீஸ் தே தாரிக் நிறத்தில் இருக்கும். அந்த நிலையில் பழுது பார்ப்பதில் காசைப் போடாதீர்கள். புதியது போடுவதற்கு முன் வடிகாலைச் சரிசெய்யுங்கள்.

மழை நாளில் மட்டும் வீட்டு ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரன்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுகிறதென்றால் 30 மில்லியாம்பியர் கசிவை அது பிடிக்கிறது, தன் வேலையைச் செய்கிறது. மோட்டார் வயர்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, சுருளுக்கும் உடம்புக்கும் இடையிலான தடையை மெகர் கருவியில் அளக்கச் சொல்லுங்கள். 500 வோல்ட் சோதனையில் ஒரு மெகாஓம்கூடத் தேறாத சுருளை இனி நம்ப முடியாது. பல தடவை பழுது வயர் இணைப்புப் பெட்டியில்தான் இருக்கும், மோட்டார் தப்பிவிடும். வீட்டு மின்சாரத்திலிருந்து கேட்டுக்கு வரும் வயரிங்கைத் தொட எரிசக்திச் சந்தை ஆணையமான இஎம்ஏவின் உரிமம் பெற்ற மின்பணியாளர் வேண்டும். கேட் வேலைக்காரர் எல்லாரிடமும் அந்த உரிமம் இருக்காது, கேட்டு உறுதி செய்யுங்கள்.

எப்போது மாற்றுவது? சுருள் எரிந்திருந்தால், உதிரி கிடைக்காவிட்டால், பழுதுச் செலவு புது செட் விலையில் பாதியைத் தாண்டினால் மாற்றலாம். பாதி என்பது என் கணக்கு. 5 ஆண்டுக்குள்ளான மோட்டாருக்கு இன்னும் கொஞ்சம் தாராளமாகப் போகலாம். ஒரு பக்கம் மட்டும் மாற்ற வேண்டுமா என்றால், ஏசியில் அதே வேகம், ஆர்ம் நீளும் அதே தூரம் உள்ளது கிடைத்தால் ஒன்றை மாற்றலாம். டிசியில் போர்டோடு இரண்டு மோட்டாரையும் ஜோடியாக மாற்றுவதே சரி, வேகம் ஒத்துவராவிட்டால் எந்தக் கதவு முதலில் மூட வேண்டும் என்ற வரிசை குழம்பிவிடும்.

புதுசு என்று முடிவானால் ஒரு எச்சரிக்கை. பழைய பிராக்கெட்டிலேயே வேறு மாடலை மாட்ட விடாதீர்கள். கீல் மையத்திலிருந்து தூண் பிராக்கெட் வரை உள்ள நீள, அகல அளவு ஒவ்வொரு மாடலுக்கும் கையேட்டில் தனியாக இருக்கும். இரண்டு சென்டிமீட்டர் தவறினாலும் கடைசிப் பத்து டிகிரியில் ஆர்ம் இறுகி உறுமும். மோட்டாரின் எல்லை 250 கிலோ என்றால் உங்கள் கதவு அதைவிட நன்றாகக் கீழே இருக்க வேண்டும். தகடு அடைத்த கதவில் காற்று பாயும், அதையும் சேர்த்துப் பாருங்கள்.

விலைப்பட்டியல் கேட்கும்போது "மோட்டார் செட், இத்தனை வெள்ளி" என்று ஒரே வரியில் வாங்காதீர்கள். எந்தப் பாகம் பழுது, எந்த அளவீட்டில் தெரிந்தது, கீல் வேலை சேர்த்தியா, போர்டுக்கும் மோட்டாருக்கும் தனித்தனி உத்தரவாதமா என்று எழுத்தில் கேளுங்கள்.

உங்கள் வலது கதவுக்கு இன்றே செய்யக்கூடியது ஒன்று. நிற்கிற இடத்தில் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, ரிலீஸ் சாவியைத் திருப்பி, கையால் தள்ளுங்கள். அதே கோட்டில் கை கனத்தால் இரும்பு வேலை செய்பவரைக் கூப்பிடுங்கள். கனக்கவில்லை என்றால் மோட்டார் லேபிளையும், கெப்பாசிட்டர் அல்லது பேட்டரியின் உடம்பில் அச்சிட்ட எண்ணையும் படம் பிடித்து இங்கே போடுங்கள், அடுத்து எதை அளப்பது என்று சொல்கிறேன்.