புது கேமிங் லேப்டாப்பில் கேம் பாதியில் மூடிக்கொள்கிறதா? முதலில் ரிட்டர்ன் தேதியைப் பாருங்கள்

கேள்வி: ஐந்து நாளுக்கு முன் ஆன்லைனில் ஒரு கேமிங் லேப்டாப் வாங்கினேன். கேம் ஆரம்பித்து சில நாள் இருபது நிமிடத்தில், சில நாள் ஒரு மணி நேரத்தில் திரை ஒரு நொடி கறுத்து, கேம் மூடி டெஸ்க்டாப்புக்கு வந்துவிடுகிறது. இரண்டு முறை நீலத் திரையே வந்தது. டிரைவரைப் புதுப்பித்தேன், விண்டோஸை ரீசெட் செய்தேன், ஒரு வீடியோவில் சொன்னபடி ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் உள் அமைப்புகள் பதிவாகும் இடம்) ஒரு எண்ணையும் மாற்றினேன். பலனில்லை. கஸ்டமர் கேரில் மறுபடி ஃபார்மட் போடச் சொல்கிறார்கள். ராம் 8 ஜிபி போதாது என்று வந்த அன்றே கூடுதலாக ஒரு 8 ஜிபி வாங்கிப் போட்டேன், மற்றபடி எதையும் தொடவில்லை. கிராபிக்ஸ் கார்டு போய்விட்டதா?

பதில்: போயிருக்கலாம். ஆனால் அதற்கு முன் இரண்டு விஷயம். முதலாவது, உங்கள் ஆர்டர் பக்கத்தைத் திறந்து, மாற்றித் தரும் கெடு என்றைக்கு முடிகிறது என்று பாருங்கள். அந்தத் தேதிக்குள் பிரச்சினையைத் தெரிவித்தால் புது லேப்டாப் கிடைக்கும் வாய்ப்பு உண்டு. தாண்டிவிட்டால் சர்வீஸ் சென்டர், மதர்போர்டு மாற்றம், பாகம் வரும்வரை காத்திருப்பு என்று ஆகிவிடும். லேப்டாப்பில் கிராபிக்ஸ் சிப் போர்டோடு சேர்த்துச் சூடுவைத்து ஒட்டப்பட்டது. டெஸ்க்டாப்பில் போல கார்டை மட்டும் கழற்றி மாற்ற முடியாது. எனவே இந்தச் சில நாளில் நீங்கள் பார்க்க வேண்டியது ரிப்பேர் வேலை அல்ல. கோளாறு மென்பொருளிலா, பாகத்திலா என்று தெரிந்துகொண்டு, பாகத்தில் என்றால் கையில் ஆதாரத்தோடு நிற்க வேண்டும்.

இரண்டாவது, 'மற்றபடி எதையும் தொடவில்லை' என்கிறீர்களே, அந்த வரியிலேயே ஒரு சந்தேகம் உட்கார்ந்திருக்கிறது. புதிதாகப் போட்ட ராம். கிராபிக்ஸ் டிரைவர், அதாவது அந்தச் சிப்பை இயக்கும் மென்பொருள், தன் வேலைக்கான தரவையெல்லாம் கணினியின் ராம் வழியாகத்தான் சிப்புக்கு அனுப்புகிறது. ராமில் ஒரு பிட் தவறினாலும், பழி கிராபிக்ஸ் மேல் விழும்படி கேம் சரியும். பழைய ராமும் புதியதும் தனித்தனியே நன்றாக இருந்து, ஜோடியாக ஒத்துப்போகாமல் இருப்பதும் உண்டு. சென்ற வருடம் ஒரு கல்லூரி மாணவர் கொண்டுவந்த லேப்டாப்பில் நான் இரண்டு மாலை டிரைவரோடு மல்லுக்கட்டினேன். மூன்றாம் நாள் பின்மூடியைத் திறந்தால், கூடுதலாகப் போட்ட ராமின் ஒரு ஓரம் ஸ்லாட்டில் முழுதாக இறங்காமல், தங்க நிறப் பற்கள் ஒரு நூல் அளவு வெளியே தெரிந்தன. அழுத்தி உட்கார வைத்ததும் தீர்ந்தது. முதல் நாளே திறந்து பார்க்காதது என் முட்டாள்தனம்.

ஆகவே முதல் வேலை: லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, நீங்கள் போட்ட ராமைக் கழற்றிவிடுங்கள். கம்பெனி கொடுத்த 8 ஜிபியோடு மட்டும் இரண்டு மாலை அதே கேமை விளையாடிப் பாருங்கள். 8 ஜிபியில் கேம் திணறும், லோடிங் இழுக்கும். அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம், மூடிக்கொள்கிறதா என்பது மட்டும் முக்கியம். மூடவில்லை என்றால் குற்றவாளி கிடைத்தாயிற்று. ஒருவேளை மூடிக்கொண்டாலும் இந்தச் சோதனை வீணில்லை. நாளைக்கு சர்வீஸ் ஆள் 'வெளி ராம் போட்டிருக்கீங்களே' என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது.

கூடுதல் ராம் இல்லாமலும் கேம் மூடிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். திரை கறுக்கும் அந்த ஒரு நொடியில் என்ன நடக்கிறது? விண்டோஸ் கிராபிக்ஸ் சிப்புக்கு ஒரு வேலையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும். வழக்கமாக 2 நொடிக்குள் பதில் வராவிட்டால், சிப் தொங்கிவிட்டது என்று முடிவுகட்டி டிரைவரை உதறி எழுப்பும். விண்டோஸ் விஸ்டா காலத்தில் வந்த ஏற்பாடு இது, பெயர் டி.டி.ஆர். அந்த உதறலில்தான் திரை கறுக்கிறது, கேம் தன் பிடியை இழந்து மூடுகிறது. ஒரு நிமிடத்துக்குள் இப்படி ஐந்து தடவைக்கு மேல் போனாலோ, உதறியும் சிப் எழுந்திருக்கவில்லை என்றாலோ நீலத் திரை. நீங்கள் ரெஜிஸ்ட்ரியில் மாற்றியது பெரும்பாலும் அந்த 2 நொடியைத்தான் இருக்கும். காய்ச்சல்காரனுக்குத் தெர்மாமீட்டரை மாற்றிய கதை அது. மணிக்கணக்கில் ரெண்டரிங் (3டி காட்சிகளைக் கணித்து உருவாக்கும் வேலை) ஓட்டுகிறவர்களுக்குச் சில சமயம் உதவும், கேமுக்கு உதவாது. பழைய நிலைக்கே மாற்றிவிடுங்கள்.

அடுத்து, ஸ்டார்ட் மெனுவில் ஈவென்ட் வியூவர் என்று தேடித் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம் என்று போங்கள். கேம் மூடிய நேரத்துக்கு நேராக என்ன பதிவாகியிருக்கிறது என்று மட்டும் பாருங்கள். மற்ற நூறு சிவப்புக் குறிகளும் நல்ல கணினியிலும் இருக்கும், பயப்பட வேண்டாம். எண் 4101 என்றால் டிரைவர் பதில் சொல்லாமல் நின்று, பிறகு மீண்டது என்று பொருள். கூடவே என்.வி.எல்.டி.டி.எம்.கே.எம். என்று வாயில் நுழையாத பெயர் இருந்தால், அது என்விடியா டிரைவரின் கோப்புப் பெயர். ஏ.எம்.டி. சிப் என்றால் ஏ.எம்.டி.கே.எம்.டி.ஏ.ஜி. இந்தப் பெயரைப் பார்த்ததும் டிரைவர்தான் குற்றவாளி என்று பலரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். அது விபத்தைப் போன் போட்டுச் சொன்ன ஆள், வண்டி ஓட்டியவர் அல்ல. டிரைவர் கோளாறு, மின்சாரக் குறை, பழுதான சிப், மோசமான ராம், எல்லாவற்றுக்கும் இதே வரிதான் பதிவாகும்.

எண் 41, கெர்னல் பவர் மட்டும் இருந்து, நீலத் திரையும் இல்லாமல் லேப்டாப் பட்டென்று அணைந்திருந்தால் கதை வேறு. அது மின்சாரம் அல்லது சூடு. வீ-யா லாக்கர் (WHEA-Logger, பாகங்களின் பிழையைக் குறித்துவைக்கும் பதிவு) என்ற பெயரில் வரிகள் வரிசையாக இருந்தால் பாகத்தின் மேல் சந்தேகம் கூடுகிறது. இந்தப் பதிவுகளைப் போனில் படம் எடுத்து வையுங்கள். விண்டோஸை மறுபடி ஃபார்மட் போட்டால் இந்தச் சான்றெல்லாம் அழிந்துபோகும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

டிரைவரை 'புதுப்பித்தேன்' என்கிறீர்கள். பழையதன் மேல் புதியதை ஏற்றினால் பழைய குப்பை அங்கேயே கிடக்கும். டிரைவரை நீக்குவதற்கென்றே டி.டி.யூ. (DDU) என்ற இலவசக் கருவி உண்டு. நெட்டைத் துண்டித்துவிட்டு, சேஃப் மோடில் (விண்டோஸ் அத்தியாவசியமானவற்றோடு மட்டும் திறக்கும் முறை) அதை ஓட்டி டிரைவரை அடியோடு நீக்குங்கள். நெட்டைத் துண்டிப்பது ஏன் என்றால், விண்டோஸ் அப்டேட் இடையில் புகுந்து தனக்குத் தோன்றிய டிரைவரைப் போட்டுவிடும். பிறகு, லேப்டாப் கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலுக்கென்று உள்ள டிரைவரைப் போடுங்கள், ஆகப் புதியதை அல்ல. முக்கியமாக, உள்ளமை கிராபிக்ஸின் டிரைவரையும் போடுங்கள். பெரும்பாலான கேமிங் லேப்டாப்பில் தனி சிப் வரைந்த காட்சி, பிராசஸருக்குள் இருக்கும் சின்ன கிராபிக்ஸ் வழியாகத்தான் திரைக்குப் போகிறது. அந்தச் சின்னவரை யாரும் கண்டுகொள்வதில்லை. கம்பெனி தளத்தில் புது பயாஸ் (லேப்டாப்பைத் துவக்கும் அடிப்படை மென்பொருள்) இருந்தால், சார்ஜரைச் செருகிக்கொண்டு அதையும் ஏற்றுங்கள்.

கம்பெனியே ஒரு கட்டுப்பாட்டு மென்பொருள் கொடுத்திருக்கும், அதில் டர்போ என்றோ எக்ஸ்ட்ரீம் என்றோ ஒரு முறை இருக்கும். சில மாடல்களில் அது விசிறியை வேகப்படுத்துவதோடு நிற்காமல் சிப்பை ஓவர்கிளாக்கும் செய்கிறது, அதாவது நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுகிறது. சோதனை முடியும்வரை சாதாரண முறையில் வையுங்கள்.

சூடு பற்றி எல்லோரும் கேட்பார்கள். எச்.டபிள்யூ. இன்ஃபோ (HWiNFO) என்ற, வெப்பநிலை காட்டும் கருவியில் பாருங்கள். கேமிங் லேப்டாப்பில் சிப் 80 டிகிரியைத் தாண்டுவது சகஜம். அதிகம் சுட்டால் சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், கேம் திக்கும், ஆனால் பொதுவாக மூடாது. மெத்தை மேல் வைத்து விளையாடாதவரை இதைக் கடைசியில் பார்த்தால் போதும்.

சார்ஜரை மட்டும் விடாதீர்கள். கூட வந்த பெரிய செங்கல் அடாப்டர்தானா, அல்லது வசதிக்காக டைப்-சி சார்ஜரா? 100 வாட் டைப்-சியால் கிராபிக்ஸும் பிராசஸரும் சேர்ந்து கேட்கும் மின்சாரத்தைத் தர முடியாது. 230 வாட் அடாப்டரும் நம் ஊர் மின்சாரத்தில் ஏறத்தாழ ஒரு ஆம்பியர்தான் இழுக்கும், சாதாரண 5 ஆம்ப் பிளக் தாங்கும். ஆனால் தளர்ந்துபோன ஜங்ஷன் பாக்ஸ் வேண்டாம், நேரே சுவரில் செருகுங்கள்.

இத்தனைக்கும் மசியவில்லை என்றால் கடைசியாக ஒரு சோதனை, எனக்கு மிகவும் நம்பிக்கையானது. ஆஃப்டர்பர்னர் மாதிரி ஒரு கருவியில் சிப்பின் கோர் கிளாக்கை, அதாவது அது ஓடும் வேகத்தை, 150 மெகாஹெர்ட்ஸ் குறையுங்கள். வேறு எதையும் மாற்றாமல் அதே கேம், அதே இடம், இரண்டு மூன்று மணி நேரம். இப்போது கேம் சரியவே இல்லை என்றால் பலரும் 'அப்பாடா' என்று அப்படியே விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். கம்பெனி நிர்ணயித்த வேகத்தில் சிப் ஓட முடியவில்லை என்பதற்கு அதைவிடப் பலமான சான்று உங்களால் வீட்டில் திரட்ட முடியாது. காசு கொடுத்த வேகம் கிடைக்கவில்லை, பிறகு எதற்கு வைத்துக்கொள்ள வேண்டும்? குறைத்ததை நீக்கி, மறுபடி சரிவதை ஒருமுறை போனில் வீடியோ எடுங்கள். ஓ.சி.சி.டி. (OCCT) கருவியில் வீடியோ மெமரிக்கென்று (கிராபிக்ஸ் சிப்பின் சொந்த நினைவகம்) ஒரு சோதனை உண்டு, அதையும் ஓட்டுங்கள். அதில் ஒரே ஒரு பிழை வந்தாலும் வாதத்துக்கு இடமில்லை.

பிறகு புகார். போனில் பேசாமல் மெயிலில் எழுதுங்கள். என்றைக்கு வாங்கியது, என்ன செய்து பார்த்தீர்கள், லாக் படம், வீடியோ, எல்லாம் ஒரே மெயிலில். ஃபார்மட் ஏற்கெனவே போட்டாயிற்று என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள், கெடு தேதிக்கு முன்பே புகார் பதிவானது என்று அதுதான் காட்டும். இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கேயும் முதலில் கேட்பது பில்லையும் அந்தப் புகார் எண்ணையும்தான்.

லேப்டாப்பைத் திருப்பி அனுப்பும்போது கழற்றிய ராமை மறந்தும் உள்ளே வைத்து அனுப்பிவிடாதீர்கள். அது தனி பில், தனி வாரன்டி. கோளாறு அதில்தான் என்று தெரிந்தாலும் கடைக்காரர் மாற்றித் தர வேண்டிய பொருள்தான் அது.