சிகாகோ புறநகரில் அரசு ஹைஸ்கூல் போதுமா, தனியார் பள்ளி தேட வேண்டுமா?

வேலை மாற்றலாகிச் சிகாகோ வருகிறீர்கள், பையன் ஒன்பதாவது சேர வேண்டும், அரசுப் பள்ளியை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் இந்தப் பக்கத்துப் புறநகர்வாசிதான். தாராளமாக நம்பலாம். ஆனால் வீட்டு முகவரியை வைத்துத்தான் எந்த அரசுப் பள்ளி என்று முடிவாகும்; அதனால் எந்த ஊரில் வீடு பிடிக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

இங்கே எல்லாரும் பேர் சொல்லும் ஒரு அரசு ஹைஸ்கூலையே எடுத்துக்கொள்வோம். நியூ ட்ரியர், 1901இல் தொடங்கியது. மிச்சிகன் ஏரியை ஒட்டி இருக்கும் வின்னெட்கா, வில்மெட், கெனில்வொர்த், கிளென்கோ மாதிரியான ஊர்ப் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஏறத்தாழ 4,000 பேர். ஒன்பதாம் வகுப்புக்கு மட்டும் நார்த்ஃபீல்டில் தனி வளாகம்.

படிப்புக்கென்று தனியார் பள்ளி மாதிரி கட்டணம் கிடையாது; புத்தகம், பார்க்கிங் என்று சில்லறைச் செலவுகள் உண்டு. பெரிய பணம் வீட்டு வரியிலிருந்து போகிறது. சிகாகோவும் இந்த ஊர்களும் அடங்கிய குக் கவுண்டியின் வரி பில்லைப் பார்த்தால் புரியும்: ஊராட்சி, நூலகம், தொடக்கப் பள்ளி மாவட்டம் (பள்ளிகளை நடத்தும் உள்ளூர் நிர்வாகம்), ஹைஸ்கூல் மாவட்டம், ஏன், கொசு ஒழிப்புக்குக்கூடத் தனித்தனி வரி. அதில் பெரிய தொகை பெரும்பாலும் பள்ளிகளுக்குத்தான். வீட்டு விலை ஏறிய ஊரில் பள்ளியும் செழிக்கிறது; பள்ளி நன்றாக இருப்பதால் வீட்டு விலை இன்னும் ஏறுகிறது. இது நியாயமா என்றால், என்னைக் கேட்டால் இல்லை. அதே கவுண்டியின் தெற்கே உள்ள ஊர்களில், வரி விகிதம் கூடுதலாக இருந்தும், பள்ளிகள் திணறுகின்றன.

சரி, உள்ளே எப்படி? எனக்கு மிகவும் பிடித்தது 1920களிலிருந்தே இங்கே இருக்கும் அட்வைசர் முறை. பத்தாவதிலிருந்து பன்னிரண்டாவதுவரை ஒரே ஆசிரியர், ஒரே சிறு குழு. காலையில் கொஞ்ச நேரம் அவரோடுதான். இத்தனை ஆயிரம் பேரில் உங்கள் பையனின் முகம் வாடியிருந்தால் கவனிக்க ஒருவர் இருக்கிறார். அப்புறம், கார் ஓட்டவும் கற்றுத் தருவார்கள்! இலினாய் சட்டப்படி அரசு ஹைஸ்கூல்கள் ஓட்டுநர் பயிற்சி தர வேண்டும்: வகுப்பில் 30 மணி நேரம், சாலையில் 6 மணி நேரம்.

ரேங்க் கிடையாது. அதனால் போட்டியே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது மதிப்பெண்ணோடு ‘ஸ்கூல் ப்ரொஃபைல்’ என்று சில பக்கங்களையும் பள்ளி அனுப்பும். என்னென்ன பாடங்கள் உண்டு, கடினமான பாடத்துக்கு ஜிபிஏவில், அதாவது சராசரி மதிப்பெண்ணில், எவ்வளவு கூடுதல் மதிப்பு என்பதெல்லாம் அதில் இருக்கும். கல்லூரிக்காரர்கள் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பையனை எடைபோடுவார்கள். ஏபி எனப்படும் கல்லூரித் தரப் பாடங்கள் வரிசையாக இருக்கும் பள்ளியில் ஒன்றிரண்டு மட்டும் எடுத்திருந்தால் ‘ஏன்?’ என்ற கேள்வி வரும். நம்மவர்கள் பிள்ளைகளைப் போட்டு வாட்டுவது இந்த இடத்தில்தான். எல்லாப் பாடத்திலும் உச்ச லெவல் வேண்டாம்; ஆசைப்படுவதில் மட்டும் எடுக்கட்டும்.

வாடகைக்கு இருந்தாலும் சேர்க்கலாம். வாடகை ஒப்பந்தம், கரண்ட் பில் மாதிரி முகவரிச் சான்றுகள், தடுப்பூசி விவரம் எல்லாம் கேட்பார்கள். குடியேற்ற நிலையைக் காரணம் காட்டிப் பிள்ளைக்கு இலவசப் பள்ளிக்கல்வியை மறுக்க முடியாது. 1982இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த ஏரிக்கரை ஊர்களில் அபார்ட்மென்ட் குறைவு, வாடகையும் எகிறும். பட்ஜெட் இடிக்கும் என்றால் நேப்பர்வில், லிங்கன்ஷயர் பக்கமும் பாருங்கள். நல்ல பள்ளிகள், நம்மவர்களும் உண்டு. எங்கே பார்த்தாலும் ஊர்ப் பேரை வைத்து முடிவெடுக்காமல், கதவு எண்ணோடு முகவரியைப் பள்ளி மாவட்ட அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கிளென்வியூவில் ஒரு பகுதிதான் நியூ ட்ரியருக்குள் வரும். மீதி பெரும்பாலும் கிளென்புரூக் பள்ளிகளுக்குப் போய்விடும்.