சொல்லாமல் தேடுவது

அன்புள்ள அண்ணாச்சி அவர்களுக்கு,

வணக்கம். நெல்லையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் 18 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். சி.ஏ. படிப்புக்கான ஆர்ட்டிகிள்ஷிப் பயிற்சி செய்ததும் இங்கேதான். தேறிய பிறகு சம்பளத்துக்கு இருந்துவிட்டேன். வருமான வரித் துறை கணக்கைத் துருவிப் பார்க்கும் ஸ்க்ரூட்டினி, அப்பீல் எல்லாம் இன்று என் பொறுப்பில் இருக்கின்றன. பார்ட்னராகச் சேர்த்துக்கொள்வதாகப் பல ஆண்டுகளாகப் பேச்சு உண்டு. அது பேச்சோடு நிற்கிறது. வெளியே ஒரு பெரிய நிறுவனத்தின் வரிப்பிரிவுத் தலைமைக்கு முயன்று பார்க்கலாம் என்று நினைக்கிறேன். ஆனால் ஜங்ஷனில் ஒருவரிடம் சொன்னால் டவுனுக்குப் போய்ச் சேருமுன் ஊருக்கே தெரிந்துவிடும். தொழில் கற்றுக்கொடுத்த சீனியரிடம் சொல்லாமல் தேடுவது துரோகம் என்றும் மனம் உறுத்துகிறது. இதைச் செய்யலாமா, செய்வதானால் எப்படி என்று எழுத வேண்டுகிறேன்.

பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் அலுவலக மின்னஞ்சல் முகவரியிலிருந்து வந்திருந்தது. அந்த முகவரிக்குப் பதில் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அலுவலகத்தின் மின்னஞ்சலும் கணினியும் பிரிண்டரும் அலுவலகத்துக்கு உரியவை. அவற்றில் போவதை யார் பார்க்கிறார்கள் என்பதை நீங்கள் அறிய முடியாது. ஆகவே உங்களைக் காட்டிக்கொடுக்கக்கூடிய விவரங்களை மாற்றி, பதிலை இங்கேயே எழுதுகிறேன். இனி இந்த விஷயத்தில் ஓர் எழுத்துக்கூட அங்கிருந்து போக வேண்டாம்.

துரோகமா என்ற கேள்விக்கு முதலில் வருகிறேன். உங்கள் எண்ணத்தை நீங்கள் வெளியிடாமல் வைத்துக்கொள்வது துரோகம் ஆகாது. முடிவாகாத ஒன்றைச் சொல்லி ஒருவரைக் கலங்கவைக்காமல் இருப்பதும் ஒரு மரியாதைதான். ஆனால் சொல்லாமல் இருப்பது வேறு, பொய் சொல்வது வேறு. நேர்காணலுக்குச் சென்னை போவதற்காக இல்லாத ஒரு துட்டி (சாவு) வீட்டைக் கற்பிக்காதீர்கள். "சொந்த வேலை, ஒரு நாள் விடுப்பு வேண்டும்" என்றால் போதும். சீனியரே ஒருநாள் அழைத்து வைத்து நேராகக் கேட்டுவிட்டால், "யோசித்துக்கொண்டிருக்கிறேன், எதுவும் முடிவாகவில்லை, முடிவானால் முதலில் உங்களிடம்தான் சொல்வேன்" என்று சொல்லிவிடுங்கள். அதன் விளைவு எதுவானாலும் தாங்கிக்கொள்ளலாம். மறுத்துப் பொய் சொல்லி, மூன்று மாதம் கழித்து ராஜினாமாக் கடிதம் நீட்டினால், 18 ஆண்டு உறவு அந்த ஒரு பொய்யின் பெயரால் நினைவில் நிற்கும்.

1998-இல் நானும் உங்கள் நிலையில் இருந்தேன். சென்னையில் ஒரு வேலைக்கு விண்ணப்பித்து, ஒரே ஒரு நண்பரிடம் மட்டும் சொன்னேன். அவர் எனக்கு நல்லது செய்வதாக எண்ணித் தம் தாய்மாமனிடம் சிபாரிசு கேட்டார். இரண்டு வாரம் கழித்துப் பாளையங்கோட்டையில் ஒரு மறுவீட்டுப் பந்தி. என் சீனியர் எதிர் வரிசையில் இருந்தார். இலையில் இஞ்சித் துவையல் வைத்து, சோற்றுக்குச் சொதி ஊற்றிக்கொண்டு வந்தார்கள். அப்போது அந்தத் தாய்மாமன் பந்தி விசாரித்தபடி என்னருகே நின்று, "என்ன தம்பி, மெட்ராசுக்குப் போறீயளாமே! நல்லா இருங்க" என்று வாய் நிறைய வாழ்த்தினார். சீனியரின் கை பிசைந்த சோற்றிலேயே நின்றது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலை என் மேசையில் அப்பீல் கட்டுகள் இல்லை. பீரோச் சாவியும் வேறொருவர் கைக்குப் போயிருந்தது. சென்னை வேலையும் அமையவில்லை. எட்டு மாதம் டிடிஎஸ் (முன்கூட்டிப் பிடித்த வரி) சலான் சரிபார்த்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்தேன்.

நம் ஊரில் இத்தகைய விஷயம் பகையால் வெளியேறுவது குறைவு. நமக்கு உதவ நினைப்பவர்களின் பிரியத்தால்தான் வெளியேறுகிறது. ஆகவே உங்கள் மனைவியைத் தவிர இந்த ஜில்லாவில் யாருக்கும் இது தெரிய வேண்டியதில்லை. சி.ஏ. இன்ஸ்டிடியூட்டின் நெல்லைக் கிளைக் கூட்டங்களில் உடன் அமரும் நண்பர்களுக்கும் கூடாது. அவர்களில் பாதிப்பேர் உங்கள் சீனியரிடம் பயின்றவர்களாக இருப்பார்கள்.

இணையத்தில் தேடும்போது வேலை தேடுகிறேன் என்று காட்டும் லிங்க்ட்இனின் பச்சை வளையம் வேண்டவே வேண்டாம். ஆள் எடுப்பவர்களுக்கு மட்டும் தெரியும்படி வைக்கும் வசதி உண்டு என்றாலும், முழு ரகசியத்துக்குத் தாங்கள் உறுதி தர இயலாது என்று அந்தத் தளமே சொல்லிவிடுகிறது. நவ்க்ரியில் குறிப்பிட்ட நிறுவனங்கள் உங்கள் விவரத்தைப் பார்க்காமல் தடுத்து வைக்கலாம். ஆனால் பெயரை மறைத்து, "திருநெல்வேலி, நேரடி வரி, 18 ஆண்டு அனுபவம், அப்பீல்" என்று போட்டால், அதற்குப் பொருந்துகிற ஆட்கள் இந்த ஊரில் எத்தனை பேர்? ஊரையும் சேர்த்து மறைக்க வேண்டும். கன்சல்டன்ட் வழியாகப் போவதானால், எந்த நிறுவனத்துக்கு அனுப்பப் போகிறார் என்று எழுத்தில் கேட்டு, நீங்கள் சரி என்ற பிறகே பயோடேட்டா போகவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அது உங்கள் அலுவலகத்தின் பார்ட்டி (வாடிக்கையாளர்) ஒருவரின் மேசையிலேயே போய் விழலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றை இனிச் சொல்கிறேன். எனக்கு இதுதான் மிகப் பெரிதாகப் படுகிறது. உங்கள் ரகசியத்தைக் காப்பதைவிடப் பார்ட்டிகளின் ரகசியத்தைக் காப்பது கடினம். வரித்தொழிலில் மூத்தவர் ஒருவர் தம் திறமையைக் காட்ட வேண்டுமானால், தாம் கையாண்ட வழக்குகளைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது. அந்த வழக்குகளோ பிறருடைய வரவு செலவுகள். 1949-ஆம் ஆண்டுச் சார்ட்டர்ட் அக்கவுண்டண்ட்ஸ் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, தொழில் நடத்துபவர் பார்ட்டியின் விவரத்தை வெளியிடுவதைப் போலவே, சம்பளத்துக்கு இருப்பவர் தம் வேலையில் அறிந்த ரகசியத்தை வெளியிடுவதையும் தொழில்முறைத் தவறு என்கிறது.

"நெல்லையில் ஒரு நகைக்கடைக்கு, நவம்பர் 2016-இல் வங்கியில் கட்டிய ரொக்கத்தின் மேல் போட்ட வரியை நீக்கிக் கொடுத்தேன்" என்று பயோடேட்டாவில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். பெயர் இல்லை. ஆனால் இதைப் படிக்கும் நெல்லைக்காரருக்கு எந்தக் கடை என்று தெரிந்துவிடும். அதையே, "சில்லறை வணிகத்தில் பணமதிப்பு நீக்கக் காலத்து ரொக்க வரவு, 68-ஆம் பிரிவில் சேர்த்து 115பிபிஇ பிரிவின்படி 60 சதவீத வரி விதிக்கப்பட்டது, இருப்புப் பதிவேட்டையும் விற்பனைப் பட்டியல்களையும் நாள்வாரியாகப் பொருத்திக் காட்டி முதல் அப்பீலில் நீக்கம்" என்று எழுதினால், ஊர் போய்விடுகிறது, கடை போய்விடுகிறது, நீங்கள் செய்த வேலை மட்டும் நிற்கிறது. விஷயம் தெரிந்த முதலாளிக்கு இந்த இரண்டாவது வாசகம்தான் மதிப்புள்ளது. தீர்ப்பாய உத்தரவுகள் எல்லோரும் படிக்கக் கிடைப்பவைதாமே என்று நீங்கள் கேட்கலாம். உத்தரவில் உள்ளது பொது. அதன் பின்னால் பார்ட்டி உங்கள் அறையில் உட்கார்ந்து சொன்னது பொதுவன்று.

நேர்காணலில் சிலர் ஆழம் பார்ப்பார்கள். "இன்ன நிறுவனம் உங்கள் பார்ட்டிதானே, அந்தப் பிரச்சினையை எப்படி முடித்தீர்கள்?" என்று கேட்பார்கள். "அதைப் பற்றி நான் பேச முடியாது, அதே போன்ற சட்டக் கேள்வி என்றால் பேசலாம்" என்று சொல்லுங்கள். அந்தப் பதிலைக் குறையாக எண்ணும் இடம் உங்களுக்கு வேண்டாம். நாளை அவர்களுடைய கணக்கும் உங்கள் கையில்தான் இருக்கப்போகிறது.

இக்காலம் உங்களுக்குச் சாதகமாகவே இருக்கிறது. 536 பிரிவுகள் கொண்ட 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 1 ஏப்ரல் 2026 முதல் நடைமுறைக்கு உரியது; அதற்கு முந்திய ஆண்டுகளின் வழக்குகள் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியே நடக்கும். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் நிறுவனங்களுக்கு வேண்டும். அதிகாரியை நேரில் பாராமல் இணையவழியே நடக்கும் முகமறியா மதிப்பீடு வந்த பிறகு அதிகாரியின் அறைக்கு நேரில் போய் நிற்கும் வேலையும் குறைந்துவிட்டதால், பாளையங்கோட்டையில் இருந்துகொண்டே சென்னை நிறுவனத்தின் வழக்கைப் பார்ப்பது இன்று நடக்கக்கூடியதே. குடும்பத்தைப் பெயர்த்துக்கொண்டு போகத்தான் வேண்டும் என்று நீங்களாக முடிவு கட்டிவிடாதீர்கள்.

எப்போது தேடுவது? ஜூலையிலிருந்து அக்டோபர் வரை கூடாது. செப்டம்பர் 30 ஆடிட் ரிப்போர்ட், அக்டோபர் 31 ரிட்டர்ன் என்று அலுவலகம் மூச்சு முட்டிக் கிடக்கும்போது விலகுவது தவறு என்றே நான் கருதுகிறேன். டிசம்பர், ஜனவரியில் பேசி, மார்ச் 31-இல் ஸ்க்ரூட்டினிக் காலக்கெடு முடிந்ததும் ஏப்ரல் முதல் வாரம் ராஜினாமா கொடுத்தால், மூன்று மாத நோட்டீஸ் ஜூலைத் தொடக்கத்தில் முடியும். அடுத்த ஆடிட் பருவத்துக்குள் உங்கள் இடத்துக்கு ஒருவரைப் பழக்கிவிடலாம். புதிய இடத்தார் "உடனே வாருங்கள்" என்று நெருக்குவார்கள். பழைய இடத்தை அந்தரத்தில் விட்டு வருபவர் தங்களையும் ஒருநாள் அப்படி விடுவார் என்பது அவர்களுக்கும் தெரியும். பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். ஆபர் லெட்டர் கையெழுத்தாகிக் கைக்கு வரும்வரை ராஜினாமா பேச்சே வேண்டாம். ரெஃபரன்ஸுக்குச் சீனியர் பெயரை அதற்கு முன்னால் கொடுக்கவும் வேண்டாம். தீர்ப்பாயத்தில் உங்களோடு வேலை செய்த சென்னை வழக்கறிஞர் போன்ற ஒருவரைக் கொடுங்கள்.

உங்கள் நியமனக் கடிதத்தில், விலகிய பின் இத்தனை ஆண்டு வேறெங்கும் சேரக்கூடாது என்று ஒரு வரி இருக்கக்கூடும். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி அது செல்லாது. நோட்டீஸ் காலமும் ரகசியக் காப்பும் உங்களைக் கட்டுப்படுத்தும். ஒரு பென்டிரைவ்கூட அங்கிருந்து எடுத்துப் போகாதீர்கள்.

ஆபர் கைக்கு வந்ததும், அலுவலகத்தில் வைத்துச் சொல்லாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சீனியரின் வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள். வேறு எவருக்கும் தெரியுமுன் அவருக்குத் தெரிய வேண்டும். போகும்போது ஒரு பட்டியலும் கையில் இருக்கட்டும். பல அலுவலகங்களில் பார்ட்டிகளின் வருமான வரித் தளக் கணக்கில் வேலை பார்ப்பவரின் கைபேசி எண்ணையே பதிந்து வைத்திருப்பார்கள். ஓடிபி அவருக்குத்தான் வரும். 18 ஆண்டில் உங்கள் எண் எத்தனை கணக்குகளில் இருக்கிறதோ, அத்தனையையும் எழுதி, எந்த வாரத்தில் எதை மாற்றித் தருவீர்கள் என்றும் குறித்துக் கொடுங்கள். அந்தக் காகிதத்தைப் படித்து முடித்த பிறகு அவர் உங்களிடம் பேசுவார்.

அன்புடன்.