நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் பார்க்க வேண்டிய வரலாற்று இடங்கள் எவை?

மான்ஹாட்டனைச் சுற்றிப் பார்த்தாகிவிட்டது, இன்னும் ஒரு நாள் கையில் இருக்கிறது என்றால் குவீன்ஸில் உள்ள ஃப்ளஷிங்கின் பௌன் தெருவுக்குப் போங்கள். சுற்றுலாக் கையேடுகள் இந்தத் தெருவை ஒரு வரியில் கடந்துவிடுவது எனக்குத் தீராத வருத்தம்.

7-ஆம் எண் ரயிலின் கடைசி நிறுத்தத்தில் இறங்கினால் சீனக் கடைகளின் நெரிசல். அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால், ஜான் பௌன் 1661 வாக்கில் கட்டிய மரவீடு நிற்கிறது.

நியூயார்க் அப்போது டச்சுக்காரர் வசம் இருந்தது. குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் கூடி வழிபடக் கூடாது, அவர்களுக்கு இடம் கொடுத்தால் அபராதம் என்று ஆளுநர் பீட்டர் ஸ்டைவசன்ட் உத்தரவு போட்டிருந்தார். 1657 டிசம்பர் 27 அன்று ஊர்க்காரர்கள் சுமார் 30 பேர், இதற்குக் கட்டுப்பட மாட்டோம் என்று மனு எழுதிக் கையெழுத்திட்டார்கள். அவர்களில் ஒருவர்கூடக் குவேக்கர் இல்லை! பிறர் வழிபாட்டுக்காகத் தங்களைப் பணயம் வைத்தவர்கள். யூதருக்கும் துருக்கியருக்கும் (அன்றைய பேச்சில் முஸ்லிம்கள்) கூட அந்த மனுவில் இடம் உண்டு. அதை எழுதிய ஊர் எழுத்தர் எட்வர்ட் ஹார்ட் சிறைக்குப் போனார். மூலப்பிரதி ஆல்பனி ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 1911 தீ விபத்தில் ஓரங்கள் கருகியும் அழியாமல் தப்பியது.

பௌன் தன் வீட்டிலேயே குவேக்கர் கூட்டம் நடத்தினார். 1662-ல் கைதானார். அபராதம் கட்ட மறுத்ததால் நாடு கடத்தினார்கள். ஆம்ஸ்டர்டாம் போய்ச் சேர்ந்தவர், அந்தக் குடியேற்றத்தை ஆண்ட டச்சு மேற்கிந்தியக் கம்பெனியிடமே முறையிட்டார். யாருடைய மனசாட்சியையும் வற்புறுத்த வேண்டாம் என்று கம்பெனி 1663-ல் ஆளுநருக்கு எழுதியது. பௌன் ஊர் திரும்பினார். குவேக்கர்கள் 1694-ல் கட்டிய கூடம் நார்தர்ன் புலவாரில் இருக்கிறது; இன்றும் அங்கே வழிபாடு நடக்கிறது.

அதே பௌன் தெருவில் தெற்கே நடந்தால் கருங்கல் பிள்ளையார்! ஐ.நா.வில் பணியாற்றிய அழகப்பா அழகப்பன் முன்னின்று 1970-ல் தொடங்கிய சங்கம், பழைய ரஷ்ய தேவாலயம் இருந்த இடத்தை வாங்கிக் கட்டிய மகா வல்லப கணபதி கோவில் அது. குடமுழுக்கு 1977 ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர நாளில் நடந்தது. கர்ப்பகிரகத்தின் முன் நிற்கும்போது, அந்த 30 கையெழுத்துகளை நினைக்காமல் என்னால் இருக்க முடிவதில்லை. கீழ்த்தளத்து கேன்டீனில் மசாலா தோசை சாப்பிடாமல் வராதீர்கள்.

நேரம் இருந்தால் அருகிலுள்ள பூங்காவில் 1964 உலகக் கண்காட்சிக்காக எழுப்பிய யூனிஸ்ஃபியரைப் பாருங்கள். 140 அடி உயர எஃகு உலக உருண்டை. பக்கத்திலுள்ள குவீன்ஸ் அருங்காட்சியகக் கட்டடத்தில்தான் 1946 முதல் 1950 வரை ஐ.நா. பொதுச்சபை கூடியது. பாலஸ்தீனப் பிரிவினைத் தீர்மானம் 1947-ல் அங்கேதான் நிறைவேறியது. ஜாஸ் பிரியராக இருந்தால் குவீன்ஸின் கொரோனா என்ற பகுதியில் ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் வாழ்ந்த வீடும் இருக்கிறது.

பௌன் வீடு தினமும் திறந்திருப்பதில்லை. பார்வை நேரத்தை விசாரித்துக்கொண்டு, மற்ற இடங்களை அதையொட்டி வைத்துக்கொள்ளுங்கள்.