அதிர்ஷ்டத்தை நம்பி ஆடும் சீட்டாட்டத்தில் அப்படி என்ன இருக்கிறது?

கேள்வி: ஊனோ மாதிரி, திறமைக்குப் பெரிதாக வேலை இல்லாத சீட்டாட்டத்தில் என்ன சுவாரசியம்? தெரியாதவர்களோடு ஆடினாலும் நன்றாக இருக்குமா?

நன்றாக இருக்கும். முன்பின் பழக்கமில்லாதவர்களோடு உட்கார்ந்து ஆட ஊனோவை விடத் தோதான ஆட்டம் எனக்குத் தெரியாது. நீங்கள் குறையாகச் சொல்லும் அந்த அதிர்ஷ்டம்தான் அதற்குக் காரணம்.

ரம்மியை எடுத்துக்கொள்ளுங்கள். பல வருஷம் ஆடியவர் எந்தச் சீட்டு கீழே போனது, யார் எதை எடுத்தார் என்று மனசுக்குள் கணக்கு வைத்திருப்பார். நேற்றுக் கற்றவர் அவர் எதிரே அரை மணி நேரம் உட்கார்ந்தால் முகம் வாடிவிடும். ஊனோவில் அந்த ஏற்றத்தாழ்வு மிகவும் குறைவு. மேலே கிடக்கும் சீட்டின் நிறமோ எண்ணோ பொருந்தும் சீட்டைப் போட்டுக்கொண்டே வந்து, முதலில் கையைக் காலி செய்பவர் ஜெயிப்பார், அவ்வளவுதான். வழக்கமான கட்டில் 108 சீட்டுகள், ஆளுக்கு 7. நிறத்தை மாற்றி, அடுத்தவரை நாலு சீட்டு எடுக்கவும் வைக்கும் பிளஸ் ஃபோருக்குத்தான் எல்லோரும் ஏங்குவார்கள், அது மொத்தமே 4. முதல் கையிலேயே அதில் ஒன்றாவது வருவதற்கு ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு வாய்ப்புதான். எட்டு வயசுக்கும் எழுபது வயசுக்கும் அந்தக் கணக்கு ஒன்றே. தோற்றால் "கார்டே வரலை" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டைக் கலைக்கலாம். அந்தப் பேச்சு உண்மையும்கூட.

ஒரு ரயில் பயணத்தில் இதை நேரில் பார்த்தேன். வண்டி நடுவழியில் நின்று மணிக்கணக்காகிவிட்டது. நானும் நண்பனும் கட்டைப் பிரித்ததும் எதிர் சீட்டுப் பையன் எட்டிப் பார்த்தான். பக்கத்திலிருந்த பெரியவரையும் அழைத்தோம். "நான் ரம்மிதான் ஆடுவேன் தம்பி" என்றார். விதியைச் சொன்னதும் சம்மதித்தார். முதல் மூன்று ஆட்டத்திலும் பையன்தான் ஜெயித்தான். நாலாவதில் அவன் கையில் ஒரே சீட்டு. அப்படி ஒன்று மிஞ்சும்போது "ஊனோ" என்று சொல்ல வேண்டும், சந்தோஷத்தில் அவன் மறந்துவிட்டான். அடுத்து நான் போட வேண்டும். அதற்குள் யாராவது பிடித்துவிட்டால் அவன் இரண்டு சீட்டு எடுக்க வேண்டும். பெரியவர் கவனித்துவிட்டார். பிடிக்கவில்லை. தன் உதட்டை விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். பையன் "ஊனோ!" என்று கத்திய கத்தலில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள்.

நான் போட்டேன், நண்பன் ஒரு நீலம் போட்டான். அடுத்து பெரியவர், அவருக்கு அடுத்தது பையன். பிளஸ் ஃபோரை மெதுவாக வைத்து "பச்சை" என்றார். கையில் நீலம் இருக்கும்போது அதைப் போடக் கூடாது என்பது விதி. பையனுக்குச் சந்தேகம், கையைக் காட்டச் சொல்லி சேலஞ்ச் செய்தான். சேலஞ்ச் தப்பினால் நாலுக்குப் பதில் ஆறு எடுக்க வேண்டும், ஆனாலும் செய்தான். பெரியவர் தன் கையை அவனுக்கு மட்டும் விரித்துக் காட்டினார். மூன்று நீலம்! நாலு சீட்டையும் அவரே எடுத்துக்கொண்டார். மறந்து போட்டாரா, பையனுக்காகவே போட்டாரா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

நண்பர்களோடு ஆடும்போது ருசி வேறு. அங்கே பழைய பாக்கி இருக்கும். போன வாரம் எனக்குப் பிளஸ் ஃபோர் இறக்கியவனுக்காக இந்த வாரம், ஆட்டத்தின் திசையைத் திருப்பும் ஒரு ரிவர்ஸைக் கடைசி வரை பத்திரமாக வைத்திருப்பேன். அதனால் பலமுறை தோற்றிருக்கிறேன், ஆனால் அது பலித்த நாள்களை மறக்கவே முடியாது. யோசனைக்கு இடமே இல்லை என்றும் நினைக்காதீர்கள். நிறத்தை மாற்றும் வைல்டை வைத்துக்கொண்டால் எந்த நிறத்திலும் தப்பிக்கலாம், ஆனால் அதற்குள் வேறொருவர் முடித்துவிட்டால் அந்த ஒரு சீட்டுக்கே 50 புள்ளி அவருக்குப் போய்விடும்.

தெரியாதவர்களோடு ஆட ஒன்று மட்டும் அவசியம்: விதியை முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். இந்த ஆட்டம் பிறந்ததே ஒரு விதிச் சண்டையில்தான். அமெரிக்காவின் ஒஹையோவில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த மெர்ல் ராபின்ஸுக்கும் அவர் மகனுக்கும் கிரேஸி எய்ட்ஸ் என்ற சீட்டாட்டத்தின் விதியில் வாக்குவாதம். அதிலிருந்து 1971-இல் அவர் உருவாக்கியதுதான் ஊனோ. இன்றைக்கும் அதிகம் சண்டை வருவது அடுத்தவரை இரண்டு சீட்டு எடுக்க வைக்கும் பிளஸ் டூ மேல் இன்னொரு பிளஸ் டூ அடுக்கலாமா என்பதில். அதிகாரபூர்வ விதிப்படி கூடாது. ஆனால் ஏராளமான வீடுகளில் அடுக்கித்தான் ஆடுகிறார்கள், எனக்கும் அதுதான் பிடிக்கும். அப்புறம், புது ஆட்களோடு, யாராவது 500 புள்ளி சேர்க்கும் வரை இழுக்காதீர்கள். ஒவ்வொரு ஆட்டத்தையும் அதோடு முடித்துவிட்டால், இறங்க வேண்டியவர் இறங்கலாம், வேடிக்கை பார்ப்பவர் அந்த இடத்தில் வந்து உட்காரலாம்.