காணாமல் போன வைரஸ் எப்படித் திரும்ப வருகிறது?

"முப்பது வருஷம் தலைகாட்டாத வைரஸ் திடீரென்று எப்படித் திரும்ப வருகிறது? எங்கேயாவது ஒளிந்திருக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒளிந்துதான் இருக்கும், ஆனால் நம் ஊரிலேயே இருக்க வேண்டும் என்றில்லை. சிக்குன்குனியாவை வைத்துச் சொல்கிறேன். 2006இல் நான் ஒரு சிறிய ஊரில் கொசு ஒழிப்பு வேலையில் இருந்தேன். எனக்கும் வந்தது.

1952இல் இன்றைய தான்சானியாவின் தென்பகுதியில்தான் இதை முதலில் அடையாளம் கண்டார்கள். ஆப்பிரிக்கக் காடுகளில் குரங்குக்கும் கொசுவுக்கும் இடையில் இது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். மனிதனே இல்லாவிட்டாலும் அதற்கு நஷ்டமில்லை. இந்தியாவில் 1963இல் கல்கத்தா, 1964இல் சென்னை, 1973இல் மகாராஷ்டிராவின் பார்சி என்று வந்தது. அதோடு 2005 வரை பெரிய பரவல் எதுவும் இல்லை. ஒருமுறை வந்து தேறியவருக்குப் பொதுவாக மறுபடி வராது. அதனால் ஊரில் நிறையப் பேருக்கு வந்துபோனதும், புது ஆள் கிடைக்காமல் தொற்றுச் சங்கிலி அறுந்துவிடும். ஆனால் பிறகு பிறந்த ஒரு தலைமுறைக்கு அந்த எதிர்ப்புச் சக்தி கிடையாதே. கொசுவும் எங்கேயும் போய்விடவில்லை.

2004இல் கென்யாவின் லாமு தீவில் தொடங்கியது. மழைக்காலத்தில் அல்ல, வறட்சியில்! தண்ணீர் கிடைக்காததால் ஜனங்கள் வீட்டுக்குள் பாத்திரங்களில் பிடித்து வைத்து, நாள்கணக்கில் மாற்றாமல் பயன்படுத்தினார்கள். இந்த வைரஸைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அது போதும். தீவில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்குத் தொற்றியிருந்தது என்று பின்னால் ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. அங்கிருந்து இந்தியப் பெருங்கடலில் உள்ள கொமொரோஸ், ரீயூனியன் தீவுகளுக்குப் போனது. ரீயூனியனில் மூன்றில் ஒருவர் படுத்துவிட்டார். 2006இல் இந்தியாவில் மட்டும் 13 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குச் சிக்குன்குனியா என்று சந்தேகிக்கப்பட்ட காய்ச்சல். மரபணுவைப் பார்த்தால், அறுபதுகளில் இங்கே சுற்றிய ஆசிய வகை அல்ல, கிழக்கு ஆப்பிரிக்க வகை. பழையது விழித்துக்கொள்ளவில்லை. கடல் தாண்டி வேறொன்று வந்திருந்தது.

எனக்குக் காய்ச்சல் சீக்கிரமே விட்டது, மூட்டுவலி விடவில்லை. காலையில் எழுந்து தரையில் பாதம் ஊன்ற முடியாது. சட்டைப் பொத்தான் போட விரல் மடங்காது. எங்கள் தெருவில் வயதான அம்மாக்கள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகப் படி இறங்குவார்கள். சாவு அதிகமில்லை என்பதால் இதை லேசாகப் பேசுகிறவர்களைக் கண்டால் இன்றைக்கும் எரிச்சல் வரும்.

சரி, இதில் எனக்கு மிகவும் ஆச்சரியமான பகுதி ரீயூனியனில் நடந்ததுதான். இந்த வைரஸ் தன்னைப் பிரதி எடுக்கும்போது எழுத்துப்பிழை நிறைய விடும், திருத்திக்கொள்ளாது. ஏடிஸில் ஏடிஸ் எஜிப்தி ஒரு வகை, புலிக்கொசு இன்னொரு வகை. அங்கே எஜிப்தி குறைவு, புலிக்கொசுதான் அதிகம். வைரஸின் மேலுறைப் புரதம் ஒன்றில் 226ஆம் இடத்தில் அலனின் என்ற அமினோ அமிலம் (புரதத்தைக் கட்டும் துண்டு) போய், வாலின் என்ற இன்னொன்று வந்தது. அந்த ஒரே மாற்றத்தால் புலிக்கொசுவின் குடலில் வைரஸ் நன்றாகப் பெருக ஆரம்பித்தது. 2007இல் கேரளத்திலும் அதே இடத்தில் அதே மாற்றம், தனியாக ஏற்பட்டது. அங்கே ரப்பர் தோட்டங்களில் பால் பிடிக்கும் சிரட்டைகளில் மழைத் தண்ணீர் தேங்கினால் புலிக்கொசுவுக்குக் கொண்டாட்டம். அதே வருஷம் கேரளம் போய்வந்த ஒருவர் மூலம் இத்தாலியில் ரவென்னா பக்கத்துக் கிராமங்களுக்குப் போய், 200 பேருக்கு மேல் காய்ச்சல். அந்த ஊருக்கு வைரஸ் புதிது. புலிக்கொசுவோ பழைய டயர் இறக்குமதியோடு இத்தாலிக்குள் எப்போதோ வந்து குடியேறிவிட்டது.

அதனால்தான் அடுத்த வைரஸ் எந்தக் காட்டிலிருந்து வரும் என்று யாராவது ஆவலாகக் கேட்டால், உங்கள் மொட்டை மாடித் தொட்டியில் என்ன இருக்கிறது என்று திருப்பிக் கேட்பேன். புகை அடித்தால் ஜனங்களுக்கு ஒரு திருப்தி. அது பறக்கிற கொசுவைக் கொல்லலாம், தொட்டிக்குள் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும் ஏடிஸ் முட்டை, காய்ந்தாலும் மாதக்கணக்கில் தாங்கும். அப்புறம் ஃபிரிட்ஜின் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தட்டு. அதை இழுத்துக் காட்டச் சொன்னால் பாதிப் பேர், "அப்படி ஒரு தட்டு இருக்கா சார்?" என்பார்கள்.