ஐப்பசி குளிரும் வரை சினை ஊசியைத் தள்ளிப் போடலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். செங்கத்துக்குப் பக்கத்தில் இருக்கிறோம். மூன்று மாடு வைத்திருக்கிறேன். அதில் ஒன்று கருப்பு வெள்ளை எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன் என்ற வெளிநாட்டு இனம்) கலப்பினம், இரண்டாம் ஈத்து. மாசியில் கன்று போட்டது. அப்போது இரண்டு வேளையும் சேர்த்து 14 லிட்டர் கறந்தது, இப்போது 7 லிட்டருக்கு இறங்கிவிட்டது. வைகாசி, ஆடி, ஆவணி என்று மூன்று முறை சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்டும் சினை நிற்கவில்லை. "எல்லாம் வெயில்தான், ஐப்பசி மழை விழுந்து குளிரட்டும், அப்புறம் போடலாம்" என்கிறார் ஊசி போடுகிறவர். மருந்துக் கடையில் 850 ரூபாய்க்கு ஒரு கால்சியம் டானிக் கொடுத்தார்கள், ஊற்றி வருகிறேன். தரகர் 22,000-க்குக் கேட்கிறார். காத்திருக்கலாமா, கொடுத்துவிடலாமா? மதியத்தில் மாடு வாயைத் திறந்துகொண்டு மூச்சு வாங்குவதைப் பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது.

பதில்: மாட்டைக் கொடுக்காதீர்கள் அம்மா. இரண்டாம் ஈத்தில் 14 லிட்டர் கறந்த மாடு அது, இனிமேல்தான் நன்றாகக் கறக்கும். தரகர் அதைக் கேட்பதே, குளிர் வந்தால் சினை நிற்கும் என்று தெரிந்துதான். தை மாதத்தில் சினை மாடு என்று சொல்லி வேறு சந்தையில் நல்ல விலைக்கு விற்பார்.

ஊசி போடுகிறவர் சொன்னதில் பாதி சரி. வெயிலில் சினை பிடிப்பது குறையும், குறிப்பாக எச்.எஃப். மாட்டுக்கு. ஆனால் குளிரட்டும் என்று சும்மா இருந்தால் குளிர் வந்தும் பயன் இருக்காது. ஐப்பசியில் வெளிவரும் கருமுட்டை ஐப்பசியில் உருவானது அல்ல. மாதக்கணக்கில் உள்ளே இருந்து வளர்ந்து வருவது அது. ஆவணியிலும் புரட்டாசியிலும் புழுங்கிக் கிடந்த முட்டைதான் ஐப்பசியில் வரும். அதனால்தான் மழை பெய்து ஊரே குளிர்ந்த பிறகும் முதல் இரண்டு மூன்று பருவம் (மாடு சினைக்கு வரும் சமயம்) ஊசி நிற்காமல் போகிறது. அப்படியே தள்ளி மார்கழியில் சினை நின்றால், ஒன்பது மாதம் பத்து நாள் கணக்கில் அடுத்த புரட்டாசியில்தான் கன்று. மாசிக்கும் அந்தப் புரட்டாசிக்கும் நடுவில் 19 மாதம். 13, 14 மாதத்துக்கு ஒரு கன்று என்று இருந்தால்தான் இந்தத் தொழிலில் கையில் காசு நிற்கும். அதனால் குளிர்ச்சி மாட்டுக்கு இன்றைக்கே வேண்டும், ஐப்பசி வரும்போது வரட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மூன்று முறை ஊசி நிற்காத மாட்டின் கருப்பையைச் சோதிக்காமல் வெயில் மேல் பழி போடக் கூடாது. பருவத்தில் ஒழுகும் திரவம் எப்படி இருந்தது என்று கவனித்தீர்களா? கண்ணாடி மாதிரித் தெளிவாக, அறுபடாமல் தொங்கினால் பயமில்லை. வெள்ளையாகத் திப்பி திப்பியாகவோ, கலங்கலாகவோ வந்தால் கருப்பையில் புண் இருக்கிறது என்று அர்த்தம். அது மழை பெய்தால் ஆறாது. கால்நடை மருத்துவரிடம் காட்டி மருந்து வைத்து, அடுத்த பருவத்தை விட்டுவிட்டு, அதற்கடுத்ததில் ஊசி போட வேண்டும்.

இன்னொன்று. வைகாசிக்கும் ஆடிக்கும் நடுவில் ஆனியில் ஒரு பருவம் வந்திருக்க வேண்டுமே, அதை நீங்கள் எழுதவில்லை. 21 நாள் கணக்கில் பார்த்தால் ஒன்றோ இரண்டோ கண்ணில் படாமல் போயிருக்கிறது. வெயில் காலத்தில் மாடு கத்தாது. ராத்திரியில், விடியற்காலையில் சில மணி நேரம் மட்டும் பருவம் காட்டிவிட்டு, நீங்கள் பால் கறக்க வரும்போது ஒன்றும் தெரியாததுபோல் நிற்கும். இரவு பத்து மணிக்கு ஒரு தடவையும் விடியற்காலை நாலரைக்கு ஒரு தடவையும் டார்ச் அடித்து வாலடியைப் பாருங்கள். காலையில் தெரிந்தால் சாயங்காலம் ஊசி, சாயங்காலம் தெரிந்தால் மறுநாள் காலை ஊசி. உச்சி வெயிலில் வண்டியில் வந்து போடுகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். விந்து உறைந்திருக்கும் குச்சியை அவர் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தாலும் விடாதீர்கள். 37 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிடம் வைத்துத்தான் அதை உருக்க வேண்டும். ஊசி போட்ட முதல் ஒரு வாரம் மாட்டை வெயிலில் மேய விடாதீர்கள். அந்த நாட்களில்தான் கரு சூட்டைத் தாங்காது.

சரி, மாட்டை எப்படிக் குளிர வைப்பது? எல்லோரும் ஃபேன், ஃபாகர் (பனி மாதிரி நீர் தூவும் கருவி) என்று விலை கேட்கிறார்கள். நான் முதலில் தண்ணீர்த் தொட்டியைத்தான் பார்ப்பேன். நம் ஊரில் தண்ணீர் "காட்டுகிறோம்". காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, கழுநீரில் தவிட்டைக் கலந்து வாளியில் காட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போய்விடுகிறோம். உங்கள் மாடு இந்த வெயிலில் ஒரு நாளைக்கு எழுபது, எண்பது லிட்டர் குடிக்க வேண்டியது. இரண்டு வாளி எந்த மூலைக்கு?

ஒருமுறை போளூர் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். தொட்டி இருந்தது, நிறையத் தண்ணீரும் இருந்தது. "இதுக்குத் தாகமே எடுக்கிறதில்லை சார்" என்றார் வீட்டுக்காரர். மாடு மூக்கைத் தண்ணீரில் வைத்தது, புஸ்ஸென்று ஊதியது, தலையைத் திருப்பிக்கொண்டது. கையை விட்டுப் பார்த்தேன், குளிக்கிற வெந்நீர் மாதிரி இருந்தது. மொட்டை மாடியில் கருப்பு டேங்க், அங்கிருந்து வெயிலில் கிடக்கும் கருப்புக் குழாய், அதிலிருந்து தொட்டி. அதை விட்டுவிட்டுப் புங்க மரத்தடியில் ஒரு சிமென்ட் தொட்டியை வைத்து, கிணற்றுத் தண்ணீரை நேராக விடச் சொன்னேன். மாட்டை அவிழ்த்து விட்டோம். தலையை எடுக்கவே இல்லை. தொண்டையில் ஒவ்வொரு மடக்கும் இறங்குவதை எண்ணிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நான்காம் நாள் போன் செய்து, பால் ஒரு லிட்டர் ஏறியிருக்கிறது என்றார்.

அதனால் நிழலில் ஒரு தொட்டி, வெறும் தண்ணீர், ராத்திரி பகல் எந்நேரமும் மாட்டின் வாய்க்கு எட்டுகிற தூரத்தில். இதைச் செய்யாமல் வேறு எதற்கும் காசு செலவழிக்க வேண்டாம். கயிறு எட்டாமல் தொட்டி நாலடி தள்ளி இருக்கும் கொட்டகைகளை நான் எத்தனையோ பார்த்துவிட்டேன்.

அப்புறம் மேலுக்குத் தண்ணீர். புரட்டாசியில் பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும் என்பார்கள். அந்த ஈரமும் வெயிலும் சேர்ந்த புழுக்கம் சித்திரை வெயிலை விடவும் மாட்டைப் படுத்தும், ஏனென்றால் வியர்வை காயாது. காற்று நுழையாத கொட்டகைக்குள் தண்ணீரைத் தூவினால் புழுக்கம் இன்னும் ஏறும். முடி மட்டும் நனைந்தால் போதாது, தோல் வரை நனைய வேண்டும். நனைத்துவிட்டு ஒரு சாதாரண ஃபேனைப் பக்கவாட்டில் வைத்துக் காய விடுங்கள். காய்ந்ததும் மறுபடி நனையுங்கள். பதினொரு மணிக்கு, இரண்டு மணிக்கு, நான்கு மணிக்கு என்று ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம் செய்யுங்கள். கொட்டகை என்னவென்று நீங்கள் எழுதவில்லை. தாழ்வான சிமென்ட் ஷீட்டாக இருந்தால் மேலே தென்னங்கீற்றைப் பரப்புங்கள், பகலில் வேப்ப மரத்தடியில் கட்டுங்கள். வைக்கோலையும் சோளத்தட்டையும் பொழுது சாய்ந்த பிறகு போடுங்கள், பகலில் பசும்புல் போதும்.

டானிக் விஷயம். கன்று போட்டு ஏழு மாதம் ஆன மாட்டுக்கு அந்தக் கால்சியம் பாட்டிலால் சினை நிற்காது. மாடு நிற்கவில்லை என்று சொன்னதும் கையில் இருக்கும் பாட்டிலை எடுத்துக் கொடுப்பது வைத்தியம் இல்லை, வியாபாரம். அதே காசுக்கு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் தயாரிக்கிற தாது உப்புக் கலவையை வாங்கி, தினமும் 30 முதல் 50 கிராம், தீவனத்தில் கலந்து கொடுங்கள். மாதக்கணக்கில் வரும். இதோடு சாப்பாட்டு உப்பு 30 கிராம். அடுத்த ஊசிக்கு ஜெர்சி விந்து கேளுங்கள். சமவெளிக்கு ஜெர்சி, மலைக்கு எச்.எஃப். என்று நம் மாநில இனப்பெருக்கக் கொள்கையே சொல்கிறது. பால் அதிகம் என்று ஆசை காட்டி வெயில் ஊரில் எச்.எஃப். ரத்தத்தை ஏற்றிக்கொண்டே போனதன் பலனைத்தான் உங்கள் மாடு மதியத்தில் வாயைத் திறந்து அனுபவிக்கிறது.

நாளை மதியம் மூன்று மணிக்கு மாட்டின் விலாவைப் பார்த்து ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணி நோட்டில் எழுதுங்கள். அறுபதைத் தாண்டினால் சூடு அதிகம், எண்பதைத் தாண்டினால் அன்றைக்கு நனைப்பதை இரண்டு தடவை கூட்டுங்கள். பத்து நாள் எழுதியதையும், அடுத்த பருவத்தில் திரவம் எந்த நிறத்தில் வந்தது என்பதையும், மருத்துவர் கருப்பையைப் பார்த்துச் சொன்னதையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு ஊசியைப் பற்றிப் பேசலாம்.